கழற்றி வைத்த இருக்கை

ராசுவுக்கு அம்மா எழுதுவது. பிரிக்பீல்ட்சில் எல்லாரும் நலம். நேற்று வந்த உன் கடிதம் மட்டும்தான் கொஞ்சம் சுகமில்லாமல் இருக்கிறது.

குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, நீ உன் மோட்டார் வண்டியிலிருந்து கழற்றி எங்களிடம் விட்டுப்போன இருக்கையில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். வண்டியை விற்றுவிடப்போவதாக எழுதியிருக்கிறாய். அங்கே கிள்ளானில் ஒரு சீன முதலாளி, தவுக்கே மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வீட்டுக்குப் போய், இனிமேல் பந்தயத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அவர் கேட்ட வாக்கைக் கொடுத்துவிடுவாயாம். அப்புறம் தன் மகள் மரகதத்தை உனக்குக் கட்டிக்கொடுப்பார், எல்லாருக்கும் நிம்மதி என்று முடித்திருக்கிறாய். எல்லாருக்கும் என்றால் அதில் நானும் உண்டா? என்னை யார் கேட்டார்கள்? நேரில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே "சரிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவாய். காகிதம் என்றால் கடைசி வரைக்கும் படிப்பாய். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? மாட்டு வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்து வந்தாய். தோட்டத்துச் சின்னத் துரை அதை ரப்பர் மரத்தில் மோதிவிட்டு, மனம் வெறுத்துக் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டாராம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வண்டி, மூக்கு சப்பிப்போய்க் கிடந்தது. நம் ரயில்வே குவார்ட்டர்ஸே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. உன் அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது மோட்டாரா, இல்ல பிஸ்கட் டின்னாடா?" என்று கேட்டார். வேலை முடிந்து வருவாய், சட்டையைக் கழற்றுவாய், வண்டிக்கு அடியில் போய்விடுவாய். சாப்பிடக் கூப்பிட்டால் உன் கால்தான் ஆடும். அதை ஓட வைத்து, பச்சைச் சாயம் பூசி, முதல் முதலாக என்னைத்தான் இடது பக்கம் உட்காரவைத்து பாசாருக்குக் காய் வாங்கக் கூட்டிப்போனாய். நீ வேகமாகப் போய்க் காட்ட ஆசைப்பட்டாய். நான்தான் மெதுவாகப் போகச் சொன்னேன். எனக்கு ஒன்றும் பயமில்லை. நாலு பேர் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

அப்புறம்தான் தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டத்தில் பந்தயம் என்று வந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தைச் சுற்றிப் போகும் செம்மண் சடக்கை அடைத்து, சுற்றிச் சுற்றி ஓட்டப்போகிறார்கள், தொழிலுக்கு ஓட்டுகிறவர்கள் யாரும் கிடையாது, ஆசைக்கு ஓட்டுகிறவர்கள்தான், ஜெயித்தால் ஒரு வெள்ளிக் கிண்ணம் என்றாய். கிண்ணம் நம் வீட்டில் இல்லாததா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பாரம் குறைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாய். நல்ல வண்டியை எதற்கு இப்படி உரிக்கிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் கழற்றியதை எல்லாம் வீணாக்க மனம் வருமா? முன்கண்ணாடியை எடுத்து, காக்கை கொத்தாமல் என் வடகத்துக்கு மேலே மூடினேன். சேறு மறைக்கும் தகட்டைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டால் கோழிக்கு நல்ல கூடு. விளக்குகள் இரண்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. கடைசியில் இடது பக்கத்து இருக்கையையும் கழற்றினாய். அதைச் சமையலறையில் போட்டேன். காய் நறுக்க அதைப்போல வசதி வேறு எதிலும் இல்லை. உன் அப்பாவும் அதன்மேல் கண்வைத்தார், இன்றுவரை எங்களுக்குள் அது ஒன்றுதான் சண்டை.

இன்னொன்றும் சொல்கிறேன். மோட்டார் என்றால் வேகம், வேகம் என்றால் ஆபத்து, அவ்வளவுதான் நான் நினைத்திருந்தேன். நீ வேலை செய்வதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. எஞ்சினைப் பிரித்து, உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டி, வால்வு என்று சொன்னாயே, அதை ஒவ்வொன்றாகப் பசை தடவிக் கையாலேயே அரைத்து அரைத்து உட்காரவைத்தாய். நான் இட்லிக்கு மாவு அரைக்க அந்தப் பொறுமை காட்டியதில்லை. ஒரு நாள் விளக்கெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். வயிறு சரியில்லையா என்று பதறிப்போனேன். எஞ்சினுக்காம்! சூடு தாங்குமாம், பந்தயக்காரர்கள் அதைத்தான் ஊற்றுவார்களாம். பழைய எண்ணெய் கொஞ்சம்கூட மிச்சம் இருக்கக்கூடாது, இரண்டும் ஒன்றோடொன்று சேராது, கெட்டியாகி உள்ளே அடைத்துக்கொள்ளும் என்று ஒரு பகல் முழுக்கக் கழுவினாய். உன் அப்பா மட்டும், "வண்டிக்குப் பேதி குடுக்கிறான் பாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். நீ எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது வந்த வாசனையில், சின்ன வயசில் விளக்கெண்ணெய் குடித்த பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள்.

எஞ்சினுக்குச் செலவழித்த நேரத்தைவிட பிரேக்குக்குத்தான் நீ அதிக நேரம் செலவழித்தாய். அதையும் பார்த்தேன். தேய்ந்த பட்டையை மாற்றினாய், கம்பியை இழுத்துக் கட்டினாய், ஓட்டிப் பார்த்தாய், திரும்பவும் அவிழ்த்தாய். ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"வேகமா ஓடத்தானடா போறே? நிக்கிறதுக்கு எதுக்கு இத்தன பாடு?"

"நிக்க முடியும்னு தெரிஞ்சாத்தாம்மா தைரியமா அழுத்த முடியும்."

அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். இந்த ஒரு வார்த்தையை நீ டிரெஸ்ஸரிடம் சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருக்கமாட்டாய். பெரியவர்கள் முன்னால் உனக்கு வாய் வராது.

பந்தயத்து அன்று அப்பாவும் நானும் ரயிலில் கிள்ளான் வந்து, அங்கிருந்து லோரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். அப்பா மடியில் ஒரு பெரிய பொட்டலம். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. அவிழ்த்தால் செண்டுப்பூ மாலை, ஆள் உயரத்துக்கு, கனமென்றால் கனம். ஆயுத பூஜைக்கு ரயில்வே ஷெட்டில் எஞ்சினுக்கு எல்லாம் போடுவார்களே, அதே ஆளிடம் சொல்லிக் கட்டி வாங்கியிருக்கிறார். வண்டிகள் புறப்படப் போகிற நேரத்தில் போய் உன் வண்டியின் முகத்தில், அந்தத் தகட்டு வலையை மறைத்து, மூன்று மடிப்பாகச் சுற்றிக் கட்டினார். ரயில் எஞ்சினுக்கு மாலை போட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. மோட்டாரைக் குளிரவைக்கும் காற்று போவதே அந்த வலை வழியாகத்தான் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். நீ வாயைத் திறந்தாய், அப்பாவின் முகத்தைப் பார்த்தாய், மூடிக்கொண்டாய்.

அப்புறம் என்ன? கொஞ்ச நேரத்தில் உன் வண்டியின் மூக்கிலிருந்து புகை புகையாக ஆவி. கூட்டம் பதறுகிறது. அப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறார். "பாரு, பாரு, ஆவி ஏறிருச்சு! இனிமேத்தான் இழுக்கும் லா!" வருஷக்கணக்காக ரயில் ஓட்டுகிறவருக்கு ஆவி என்றால் நல்ல சகுனம். நீ தோட்டத்து ஆஸ்பத்திரி வேலி ஓரமாக வண்டியை நிறுத்தி, மாலையைப் பிய்த்து எடுத்தாய். பூ பாதி வெந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி உன்னிடம் நீட்டினாள். நீ வண்டியின் தண்ணீர் மூடியில் கை வைக்கப் போனபோது அவள், "கொஞ்சம் ஆறட்டுங்க" என்று சொன்னது எனக்கே கேட்டது. அந்தப் பெண்தான் மரகதம், அந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் மகள் என்று பிறகுதான் தெரிந்தது. வண்டி ஆறுவதற்கு அவ்வளவு நேரம் ஆகுமா என்று அன்றே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, போகட்டும்.

அந்த ஓட்டத்தில் நீதான் கடைசி. அடுத்த ஓட்டத்தில் மாலை இல்லாமல் போனாயே, அப்போதுதான் அந்த வண்டி என்ன வண்டி என்று எனக்குப் புரிந்தது. எல்லாரையும் தாண்டிக்கொண்டு வந்தாய். முன்னால் ஒரே ஒரு துரை வண்டிதான். ரப்பர் ஸ்டோர் பக்கத்து வளைவில் அது வழுக்கிப் புரண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது உன் வண்டி அதற்குப் பின்னால் நேராக நின்றிருந்தது, நீ இறங்கி ஓடிக்கொண்டிருந்தாய். அந்த மனிதரை வெளியே இழுத்தது நீ, தோளுக்குக் கட்டுப் போட்டது டிரெஸ்ஸர். கிண்ணம் யாருக்கோ போனது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உன்னை அத்தனை பேர் முன்னால் கட்டிக்கொள்ள முடியாமல் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டிரெஸ்ஸர் உன்னை அன்றே மனதில் குறித்துவைத்துவிட்டார். இல்லாவிட்டால் பெண் கேட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருப்பாரா? போன வாரம் நாங்கள் வெற்றிலை பாக்கோடு போனபோது நல்ல மரியாதை. பலகாரம் வைத்து, பேச்செல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்: "பையன் தங்கமான பையன்யா. ஆனா அந்த ஆளோட எலும்ப ஒண்ணு சேத்தது இந்தக் கைதான். அந்த வண்டி இருக்கிற வீட்டுக்கு எம் பொண்ண அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குறது? வித்துட்டேன், இனி ஓட்டமாட்டேன்னு ஞாயித்துக்கிழமை எம் முகத்தப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க." அவரைத் தப்பு சொல்லமாட்டேன். தகப்பன் மனம் அது. கட்டுப் போடுகிறவர் கண்ணுக்குக் காயம்தான் முதலில் தெரியும்.

ஆனால் ராசு, இப்படி வாங்கிய ஒரு வாக்கோடு நான் குடும்பம் நடத்திப் பார்த்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. உன் அப்பா அப்போது ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலையில் இருந்தார். எங்கேயோ ஒரு வண்டி தடம் புரண்ட சேதி கேட்டு, எஞ்சின் வேலையை விட்டால்தான் பெண் என்று உன் தாத்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இவரும் என்மேல் இருந்த ஆசையில் சரி என்று சொல்லி, ஸ்டேஷன் சாமான் கிடங்கில் மூட்டை பார்க்கிற வேலைக்குப் போனார். நல்ல வேலை, சட்டையில் கரி கிடையாது. ஆனால் வீட்டில் இருந்த மனிதரைக் காணோம். சாப்பிடும்போது தூரத்தில் விசில் கேட்டால் சோற்றைக் கையில் பிடித்தபடியே எந்த எஞ்சின் என்று காது கொடுத்துக் கேட்பார். குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை, உப்பு அதிகம் என்று சண்டை. என்னைக் கட்டிக்கொண்டதற்குத்தான் இந்தத் தண்டனை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் நானே என் அப்பாவிடம் போய், "நீங்க வாங்குன சத்தியத்த நீங்களே திரும்ப எடுத்துக்கங்க, எனக்குக் கரிச் சட்டையே போதும்" என்று சொன்னேன். மறுபடி எஞ்சினில் ஏறிய அன்று வீட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்துதான் எனக்குக் கல்யாணம் ஆனதாகக் கணக்கு.

நீயும் அவரைப்போலத்தான். யார் மனமும் நோகக்கூடாது உனக்கு. அப்பா மனம் நோகக்கூடாது என்று மாலையோடு ஓடினாய், வண்டி கொதித்துப்போனது. இப்போது மாமனார் மனம் நோகக்கூடாது என்று வண்டியையே விற்கப் பார்க்கிறாய். அன்று கொதித்ததற்கு வாளித் தண்ணீர் போதும். வீட்டுக்குள் மனிதன் கொதித்தால் எந்த வாளி போதும்? வருஷம் முழுக்கப் பந்தயம் ஓட்டு என்று நான் சொல்லவில்லை. முடியாத வாக்கைக் கொடுக்காதே என்றுதான் சொல்கிறேன். அவரை உன் வண்டிக்கு அடியிலேயே கூட்டிப்போய் அந்தப் பிரேக்கைக் காட்டு. ஆசைக்கு எப்போதாவது ஓட்டுவேன், இத்தனை ஜாக்கிரதையாக ஓட்டுவேன் என்று உள்ளதைச் சொல். அவர் கோபப்பட்டால் படட்டும், கோபம் ஆறும். நல்ல மனிதர்.

அதற்குமேலும் உனக்குத் தைரியம் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அன்று ஆண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது நான் சமையலறைக்குப் போனேன். மரகதம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்ன நிபந்தனை அவள் காதிலும் விழுந்திருந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அம்மா, அந்த மோட்டார்ல எடது பக்கம் சீட் ஏன் இல்ல?"

"பாரம் கொறையணும்னு கழட்டிட்டான்மா."

"அது இப்ப எங்க?"

"எங்க வீட்ல. அதுல உக்காந்துதான் நான் காய் நறுக்குறேன்."

கொஞ்ச நேரம் டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த டம்ளரில் துடைக்க ஒன்றுமே இல்லை.

"திரும்பப் பூட்ட முடியுமா?"

"பூட்டலாமே."

"அப்ப எதுக்கு விக்கணும்? பூட்டச் சொல்லுங்க, அத்தை."

வந்ததிலிருந்து அம்மா, அம்மா என்று கூப்பிட்டவள் அப்போதுதான் அத்தை என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்ததால் உன் அப்பா என்னைப் பார்த்து பயந்துபோனார்.

ஆகவே, தவுக்கே மகனிடம் வண்டி விலைக்கு இல்லை என்று சொல்லிவிடு. இருக்கைக்கு நேற்றே வேலை முடித்துவிட்டேன். அமுங்கிப்போன பஞ்சை எடுத்துவிட்டுப் புது இலவம்பஞ்சு திணித்து, கிழிந்த ஓரத்தைத் தைத்திருக்கிறேன். மஞ்சள் கறை ஒரு மூலையில் போகவில்லை, அது என் சமையலறை ஞாபகமாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலை ரயிலை ஓட்டிக்கொண்டு அப்பாதான் கிள்ளானுக்கு வருகிறார். இருக்கை ரயிலின் கடைசியில், கார்டு ஏறும் பெட்டியில் இருக்கும், ஸ்டேஷனில் நின்று வாங்கிக்கொள். திருகாணிகளை எல்லாம் கடுகு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன், துணியில் முடிந்து அதோடு கட்டியிருக்கிறேன். அப்பா கையிலே மாலை ஏதாவது கொண்டுவந்தாரென்றால் வாங்கி உன் அறைச் சாமிக்குப் போடு, வண்டிப் பக்கம் விடாதே.

ஞாயிற்றுக்கிழமை டிரெஸ்ஸர் வீட்டு வாசலில் நீ வண்டியை நிறுத்தும்போது இடது பக்கம் இருக்கை இருக்க வேண்டும். அதற்கப்புறம் உனக்கு வாய் வராவிட்டாலும் பரவாயில்லை. அவருக்குப் பதில் சொல்ல அவர் மகளே வந்து அதில் உட்காருவாள்.

இனிமேல் தரையில் உட்கார்ந்தே காய் நறுக்கப்போகிற,
உன் அம்மா